அறுந்த தடம் சொல்வது

விமானிகள் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். வழிகாட்டிச் செயலிகள் பெரும்பாலானவற்றில் ஒரு வசதி இருக்கிறது. ஓடுதளத்தில் வேகம் எடுத்ததும் செயலி தானாகவே பயணப் பதிவைத் தொடங்கிவிடும். இறங்கி வேகம் குறைந்ததும் தானாகவே முடித்துக்கொள்ளும். எங்கே பறந்தோம், எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் நொடிக்கு ஒரு புள்ளியாகச் சேர்ந்து வரைபடத்தின் மேல் ஒரு தடமாக நிற்கும். இந்தத் தடம் பாதியில் அறுந்துபோவதுதான் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் பிரச்சினை. "உத்திரமேரூர் ஏரி வரைக்கும் நல்லா வந்திருக்கு சார். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல" என்பார்கள். அடுத்து, "ஆப்பை அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுட்டேன் சார்" என்பார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். ஏன் அறுந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த அரைகுறைக் கோப்பு. அதையும் அழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

நான் சிறு விமானங்களில் பயிற்சி கொடுப்பவன். வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். ஊருக்கு வரும் நாட்களில், வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளில் படிக்கும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் ஃபோனும் டேப்லெட்டுமாக வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்த தடங்களிலிருந்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இதுதான்: எப்படி அறுந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால், ஏன் அறுந்தது என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். செட்டிங்ஸுக்குள் போவது அதற்குப் பிறகுதான்.

பேனா இருக்கும்போது இந்தத் தடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். அவர்களிடம் இருந்தது திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், பென்சில். கீழே ஓர் ஆறு, ஒரு ரயில் பாதை, ஒரு கோயில் கோபுரம் தெரிந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு மேலே போவார்கள். இன்றும் என் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். காஞ்சிபுரம் அதற்கு வாகான ஊர். தெற்கே பாலாறு, தண்ணீர் இல்லாத மாதங்களில் வெள்ளை மணல் பட்டையாகக் கிடக்கும். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் ஏறக்குறைய 59 மீட்டர், அதாவது 190 அடிக்கு மேல். தென்கிழக்கில் சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் எந்தக் கருவியும் இல்லாமலே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த வானம் நெருக்கடியான வானம். வடக்கே அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம். கிழக்கே தாம்பரம் விமானப்படைத் தளம். அதை ஒட்டி மீனம்பாக்கம். பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்கான திட்டமும் இந்த வட்டாரத்துக்கே. இங்கே சிறு விமானம் பறக்க வேண்டுமானால் பயணத் திட்டம் கொடுத்து, வான்பாதுகாப்பு அனுமதிக்கான ஏ.டி.சி. எண்ணும் விமானத் தகவல் மையத்தின் எஃப்.ஐ.சி. எண்ணும் வாங்கி, சொன்ன உயரத்தில் சொன்ன பாதையில் போக வேண்டும். "நீங்கள் பாதை மாறினீர்களே" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நொடிக்கு நொடி பதிவான தடத்தைவிட நல்ல துணை கிடையாது. இறங்கியபின் மாணவரோடு உட்கார்ந்து, "இந்தத் திருப்பத்தில் நூற்றைம்பது அடி இழந்திருக்கிறாய், பார்" என்று காட்டவும் அதுதான் உதவுகிறது. அறுந்த தடத்தை வைத்து இரண்டையும் செய்ய முடியாது.

அதிகம் வருவது நீண்ட நேர்கோடு. தடம் வளைந்து நெளிந்து வந்து, திடீரென்று ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் பத்து இருபது கிலோமீட்டர் நேராகப் போய், மறுபடி வளையும். செயலி இரண்டு முனைகளைச் சேர்த்துக் கோடு போட்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் புள்ளிகளே இல்லை. இங்கே நான் முதலில் பார்ப்பது நேரத்தை. இடைவெளிக்குப் பின் வரும் முதல் புள்ளியின் நேரத்தில் மாணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பேன். "அப்பதான் சார் மேப் பாக்க ஸ்கிரீனை ஆன் பண்ணினேன்" என்று பதில் வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். திரை அணைந்ததும் ஃபோன் அந்தச் செயலியைத் தூங்கவைத்திருக்கிறது. திரை விழித்ததும் செயலியும் விழித்திருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்த 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6, அசையாமல் கிடக்கும் ஃபோனை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பத் தொடங்கியது. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8, பின்னணியில் ஓடும் செயலிகளுக்கு இருப்பிடத் தகவலை மணிக்குச் சில தடவை மட்டுமே கொடுப்பது என்று கட்டுப்படுத்தியது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து "எப்போதும் அனுமதி" என்பதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். 2021-ல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது "துல்லியமான இடம்", "தோராயமான இடம்" என்று அனுமதியே இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் பொதுமக்களின் நன்மைக்காகச் செய்யப்பட்டதுதான். நம் பதிவுச் செயலி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. இவற்றுக்கு மேல் சில கம்பெனிகள் தங்கள் ஃபோன்களில் சொந்தமாக ஒரு பேட்டரி காவலரை உட்காரவைத்திருக்கின்றன. நாட்கணக்கில் திறக்காத செயலியை அது உறங்கும் பட்டியலில் சேர்த்துவிடும். வாரம் ஒருமுறை பறப்பவருக்கு இது நேரடியாகப் பாதிப்பு.

ஆகவே ஆண்ட்ராய்டில் பார்க்க வேண்டியவை: இருப்பிட அனுமதி "எப்போதும்" என்று இருக்கிறதா, துல்லிய இடம் ஆனில் இருக்கிறதா, பேட்டரிக் கட்டுப்பாட்டில் அந்தச் செயலிக்கு விலக்கு இருக்கிறதா, பறக்கும்போது பவர் சேவர் அணைந்திருக்கிறதா. பதிவு ஓடும்போது மேலே அறிவிப்புப் பட்டையில் அந்தச் செயலியின் குறி நிற்க வேண்டும். எரிச்சலாக இருக்கிறது என்று அந்த அறிவிப்பை முடக்கிவைப்பவர்கள் உண்டு. அதை முடக்கினால், பதிவு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளும் வழி போய்விடும். ஐஃபோனில் கதை கொஞ்சம் வேறு. "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற அனுமதியிலும், கையால் தொடங்கிய பதிவு திரை அணைந்தபின் தொடரும். ஆனால் செயலியைத் திறக்காமலே அது தானாகத் தொடங்க வேண்டும் என்றால் "எப்போதும்" வேண்டும்.

இடைவெளிக்குப் பின் அதே கோப்பு தொடர்கிறதா, புதுக் கோப்பு தொடங்கியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதே கோப்பு என்றால் செயலி உயிரோடு இருந்திருக்கிறது, தூங்கியிருக்கிறது. புதுக் கோப்பு என்றால் செத்துப் பிழைத்திருக்கிறது. பறக்கும்போது கோபுரத்தைப் படம் எடுக்கக் கேமராவைத் திறப்பார்கள். பழைய ஃபோன்களில் நினைவகம் போதாமல், பின்னணியில் இருப்பதைக் கொன்றுவிட்டுத்தான் கேமரா திறக்கும். படம் எடுத்த நேரமும் கோப்பு முடிந்த நேரமும் நொடி சுத்தமாகப் பொருந்தியதைப் பார்த்திருக்கிறேன். பதிவு செய்யும் கருவி வேறு, படம் எடுக்கும் கருவி வேறு என்று வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். பாவில் ஓர் இழை அறுந்தால் சித்தப்பா தறியை உடனே நிறுத்திவிடுவார். விழுதில் அறுந்ததா, அச்சில் அறுந்ததா, பின்னால் பாவிலேயே அறுந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போடுவார். விழுதில் குறை இருந்தால் எத்தனை முடிச்சுப் போட்டாலும் அங்கேயே மறுபடி அறுக்கும். தடத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். எல்லா செட்டிங்ஸையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. அடுத்த மாதம் ஒரு அப்டேட் வந்து பழையபடி அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அறுந்த முனை எங்கே இருக்கிறது என்பதும் பேசும். தடம் ஓடுதளத்தில் தொடங்காமல், கிளம்பி இரண்டு மூன்று நிமிடம் கழித்து வானத்திலேயே தொடங்கியிருந்தால், பெரும்பாலும் செயற்கைக்கோள்கள் பிடிபடத் தாமதமாகியிருக்கிறது. ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம். வீட்டில் நம் ஃபோன் சில நொடிகளில் இடத்தைக் காட்டுகிறது என்றால், மொபைல் இணையம் அந்த விவரங்களை முன்கூட்டியே கொடுத்துவிடுவதால்தான். ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஹேங்கரின் தகரக் கூரைக்குக் கீழே செயலியைத் திறந்து, அப்படியே ஓடுதளத்துக்குப் போனால் அந்தச் சலுகை இல்லை. இன்ஜின் போடுவதற்கு முன்பே, திறந்த வெளியில், இணையம் இருக்கும்போதே செயலியைத் திறந்து, நம் இடம் நிலையாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். சில்லே கிடையாது என்பதை வாங்கிய பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். அதற்கு வெளியிலிருந்து ப்ளூடூத் ஜி.பி.எஸ். கருவி வேண்டும், அந்தக் கருவியின் பேட்டரியும் தீரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தாமதத் தொடக்கத்துக்கு நம் பக்கத்து மண்ணுக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜி.பி.எஸ். உயரத்தைக் கணக்கிடுவது பூமியை ஒரு சீரான நீள்கோளமாக வைத்துக்கொண்டு. உண்மையான கடல்மட்டம் அப்படிச் சீராக இல்லை. புவியீர்ப்பு குறைவான இடங்களில் அது பள்ளமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், நூறு மீட்டருக்கும் மேல். வட தமிழ்நாட்டிலேயே கடல்மட்டம் அந்தக் கோளப் பரப்புக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. காஞ்சிபுரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 83 மீட்டர் உயரம். திருத்தம் செய்யாத செயலி ஒன்று நம் ஊர்த் தெருவில் நிற்பவரைப் பூஜ்யத்துக்குக் கீழே காட்டுவது இதனால்தான். கருவி கெட்டுவிடவில்லை. ஐஃபோன் கடல்மட்ட உயரத்தையே கொடுக்கிறது. ஆண்ட்ராய்டு வெகுகாலம் கோள உயரத்தைத்தான் கொடுத்துவந்தது. திருத்தத்தைச் செயலி செய்துகொள்ள வேண்டும். கிளம்பியதை வேகத்தோடு உயரத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யும் செயலியில் இந்தத் திருத்தம் விட்டுப்போனால், முதல் 300 அடி வரை விமானம் தரைக்குக் கீழே இருப்பதாகவே அது நினைக்கும். ஐரோப்பாவில் எழுதிச் சோதித்த செயலியில் இந்தப் பிழை அவர்கள் கண்ணில் படாது. அங்கே கடல்மட்டம் கோளத்துக்கு மேலே இருக்கிறது. நாம்தான் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

தடம் இறங்கும் முனையில், ஓடுதளத்துக்குச் சற்று முன்பே முடிந்துபோயிருந்தால் காற்றை நினைக்க வேண்டும். செயலிக்குத் தெரிவது தரைவேகம் மட்டும். செஸ்னா 152 போன்ற சிறு விமானம் 60 நாட் காற்றுவேகத்தில் இறங்க வரும்போது எதிரே ஆடிக்காற்று 25 நாட் அடித்தால் தரைவேகம் 35 நாட். 40 நாட்டுக்குக் கீழே போனால் இறங்கிவிட்டதாக எழுதிக்கொள்ளும் செயலி, முந்நூறு அடி உயரத்திலேயே கோப்பை மூடிவிடும். பாராமோட்டர், மைக்ரோலைட் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் மோசம். எதிர்காற்றில் அவர்கள் வானத்தில் நின்றே விடுவார்கள், செயலி வீட்டுக்குப் போய்விடும். வேக வரம்பை மாற்ற முடிந்தால் குறைத்துவைக்கலாம். முடியாவிட்டால் தானாக முடிக்கும் வசதியை அணைத்துவிட்டுக் கையால் முடிப்பதே சரி. தொட்டு எழும் பயிற்சியில் இதற்கு நேர் எதிர். சக்கரம் தரையைத் தொட்டாலும் வேகம் குறைவதில்லை, ஆகவே பல இறக்கங்கள் ஒரே பயணமாகப் பதிவாகும். இது குறையே இல்லை. இறக்கங்களை எண்ணுவது நம் வேலை.

கத்திரி வெயிலில் அறும் தடம் தனி வகை. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லியிருக்கும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ் வரைதான். மே மாதத்தில் எங்கள் ஊர் நிழலிலேயே அதைத் தாண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள், தொடை மேல் கட்டிய டேப்லெட் மேல் நேர் வெயில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். கோப்பு சுத்தமாக ஓரிடத்தில் நின்றிருக்கும். அதற்கு முன் புள்ளிகளில் எந்தத் தடுமாற்றமும் இருக்காது. கருவியைத் தொட்டால் சுடும். உறையைக் கழற்றுவது, திரை வெளிச்சத்தைக் குறைப்பது, கிளம்பும் வரை இறக்கை நிழலில் வைத்திருப்பது, சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாமல் இருப்பது எல்லாம் உதவும். பதிவை மட்டும் ஒரு ஃபோனில் ஓடவிட்டு, அதைச் சட்டைப் பையில் வெயில் படாமல் வைத்துக்கொள்வதைத்தான் நான் செய்கிறேன்.

சார்ஜ் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜி.பி.எஸ். சிக்னல் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. தரைக்கு வரும்போது மிக மிகப் பலவீனமாக இருக்கும். தரமற்ற சிகரெட் லைட்டர் சார்ஜர் அருகில் இருந்தால் அதன் மின்னிரைச்சல் அந்த சிக்னலை மூழ்கடிக்க முடியும். சார்ஜர் செருகிய நிமிடத்திலிருந்து தடம் நடுங்கத் தொடங்கி, துண்டு துண்டாகப் போயிருந்தால் செட்டிங்ஸைத் தேடவே வேண்டாம். ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்.

மாலையில் மட்டும் அறும் தடங்களும் உண்டு. வணிக விமானி உரிமத்துக்கு இரவுப் பறத்தல் கட்டாயம் என்பதால் மாணவர்கள் அந்தி சாய்ந்தபின் பறக்கிறார்கள். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் தடம் தானாக நடுங்கி, அங்கங்கே விட்டுப்போய், நள்ளிரவுக்குள் சரியாகிவிடும். பிள்ளைகள் ஃபோனை மாற்றிப் பார்ப்பார்கள். புது ஃபோனிலும் அதுவே. காரணம் மேலே இருக்கிறது. புவியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். அந்தக் கோட்டின் இருபுறமும் அயனி மண்டலத்தில் அந்திக்குப் பின் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்புகின்றன. அவற்றின் வழியே வரும் சிக்னல் மினுங்கி மங்கும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். ககன் என்ற நம் நாட்டின் ஜி.பி.எஸ். திருத்த அமைப்பு 2015-ல் விமானங்கள் இறங்கும் அணுகுமுறைக்கு அனுமதி பெற்றது. அயனி மண்டலத்தால் வரும் தாமதத்தை அது திருத்தித் தரும். ஆனால் சிக்னலே மங்கி மறையும்போது திருத்த ஒன்றும் இருக்காது. ஒரே வகைச் செயற்கைக்கோளை நம்பாமல் நேவிக், கலிலியோ என்று பலவற்றையும் பிடிக்கும் ஃபோன் அந்த நேரத்தில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குமிழி எல்லாத் திசையையும் ஒரே சமயத்தில் மறைப்பதில்லை.

தடம் பல கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ குதித்து, அங்கேயே நின்றால் அது வேறு விவகாரம். யாரோ போலி சிக்னல் அனுப்பும்போது அப்படி ஆகும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரத்தில், 465 குறுக்கீட்டுச் சம்பவங்கள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நம் பக்கத்துச் சிறு விமானங்களின் தடம் குதித்தால் நான் முதலில் "தோராயமான இடம்" அனுமதியைத்தான் சந்தேகிப்பேன். உண்மையான பாதையை விட்டு விலகித் தாவித் தாவிப் போகும் தடம் அது. ராணுவத் தளம் அருகில் இருப்பதால் யாரோ தடுக்கிறார்கள் என்று ஊகித்துப் பேசுவது, ஆதாரம் இல்லாதவரை, நமக்கு நல்லதல்ல.

காணாமல் போனதாக நினைக்கும் பதிவு சில சமயம் காணாமலே போயிருக்காது. கோப்புகள் உலகப் பொது நேரத்தில் பெயரிடப்படுகின்றன. காலை ஐந்தரைக்கு முன் செயலியைத் தொடங்கினால் கோப்பின் தேதி முந்தின நாளாக இருக்கும். இன்றைய தேதியில் தேடிவிட்டு இல்லை என்று கைவிடுகிறார்கள். கோப்பு இருந்தும் திறக்காமல் அடம்பிடிப்பது இன்னொன்று. ஜி.பி.எக்ஸ். வகைக் கோப்பு, முடிவில் சில மூடும் குறிகள் இருந்தால்தான் முழுமை பெறும். செயலி நடுவில் இறந்துபோனால் அவை எழுதப்பட்டிருக்காது, வேறு மென்பொருள்கள் "கோப்பு சேதம்" என்று திருப்பி அனுப்பிவிடும். சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து, நல்ல கோப்பு ஒன்றின் கடைசி வரிகளைப் பார்த்து அதேபோல் மூடிவைத்தால் பெரும்பாலும் தடம் முழுதும் திரும்ப வந்துவிடும். சறுக்கு விமானக்காரர்களின் ஐ.ஜி.சி. வகையில் ஒவ்வொரு வரியும் தனித்து நிற்பதால் அறுந்த இடம் வரை பத்திரமாக இருக்கும். ஆனால் கடைசியில் வர வேண்டிய பாதுகாப்புக் கையெழுத்து இருக்காது, ஆகவே போட்டிக்கோ சாதனைக்கோ அதைக் காட்ட முடியாது. இரண்டிலும் பிரதி எடுத்துக்கொண்டு பிரதியில்தான் கை வைக்க வேண்டும்.

சரிசெய்ததைச் சோதிக்க விமானம் வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பறத்தலின் செலவு எவ்வளவு என்று பெற்றோரைக் கேட்டால் தெரியும். நான் பிள்ளைகளை வெள்ளைகேட்டிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை காரில் கூட்டிப்போகிறேன். நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது 43 நாட். பல செயலிகள் அதைக் கிளம்புதல் என்று எடுத்துக்கொள்ளும். ஓட்டுபவர் வேறு ஒருவர், ஃபோன் பின்சீட்டில் இருப்பவர் கையில். முதல் தடவை திரையை அணைத்து வைத்துப் போவோம். அடுத்து ஒரு அழைப்பை எடுத்துப் பேசுவோம். பிறகு கேமரா. பிறகு சார்ஜர். ஒவ்வொன்றுக்கும் நேரத்தைத் தாளில் எழுதிக்கொள்வோம். திரும்பி வந்து தடத்தையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது அறுத்தது என்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும். இதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஃபோனைப் பற்றி மட்டுமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, உடனுக்குடன் எழுதிவைப்பது இரண்டும் காக்பிட்டில் உயிரைக் காக்கும் பழக்கங்கள்.

கடைசியாக, விட்டுப்போன இடத்தை என்ன செய்வது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இடைவெளியில் புள்ளிகளைச் சேர்த்துத் தடத்தை அழகுபடுத்தித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். 2011-ல் போலிச் சான்றுகளால் உரிமம் பெற்ற விமானிகளின் விவகாரம் வெளிவந்தபோது, பறக்காத மணிகளை எழுதியதும் சேர்த்தே அம்பலமானது. ஒழுங்காகப் பறந்து மணி சேர்த்தவர்களின் பதிவேடுகளும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட காலம் அது. வணிக உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் நேர்மையாக இருக்க வேண்டும். அறுந்த இடத்தை அறுந்தபடியே விட்டு, "இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை பதிவு இல்லை, காரணம் இது" என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். வேண்டிய தகவலுக்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன. கண்ணாடித் திரை கொண்ட புதிய விமானங்களில் பல, நொடிக்கொரு வரியாக மெமரி கார்டில் எழுதுகின்றன. விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடும், கூடப் பறந்தவரின் ஃபோனும் இருக்கின்றன. செயலி காட்டும் நேரமும் பதிவேட்டு நேரமும் கொஞ்சம் வேறுபடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பதிவேட்டில் எழுதுவது விமானம் பறப்பதற்காக நகரத் தொடங்கியதிலிருந்து திரும்ப வந்து நிற்கும் வரை. செயலி பெரும்பாலும் கிளம்பியதிலிருந்து இறங்கியது வரை மட்டும் எண்ணும்.

பறக்கப் பழகும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அடுத்த தடவை தடம் அறுந்தால் செயலியை அழிக்காதீர்கள், எந்த செட்டிங்ஸையும் உடனே மாற்றாதீர்கள். அறுந்த கோப்பை அப்படியே வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அன்றைக்குத் திரையை எப்போது அணைத்தீர்கள், எப்போது சார்ஜ் போட்டீர்கள், வெயில் எப்படி இருந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நினைவு மறைவதற்குள் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்கள் பயிற்றுநரிடம் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். தொடைப் பலகையில் பென்சிலும் தாளும் எப்போதும் இருக்கட்டும். பாலாற்றைத் தாண்டும் நேரத்தை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.